நாற்பத்து மூன்று குறைகளும் ஒரு கூரையும்

எங்கள் வீட்டில் இரண்டு மொட்டைகள். ஒன்று என் கணவர், இன்னொன்று அவருடைய கார். கணவருக்கு முடி தானாகக் கொட்டியது. காருக்குத் தலை இல்லாததற்கு யாரோ கூடுதலாகக் காசு கொடுத்திருக்கிறார்கள். தலையே இல்லை என்று சொல்ல முடியாது. துணிக் கூரை உண்டு. முன்கண்ணாடிக்கு மேலே இரண்டு கொக்கியை விடுவித்தால் பின்னால் போய் மடிந்துகொள்ளும். கதவும் இரண்டுதான். பின்சீட்டில் மனிதர்கள் உட்கார முடியாது, காய்கறிப் பை வேண்டுமானால் உட்காரலாம். எனக்கும் மகளுக்கும் அது வெறும் ‘மொட்டை’தான். இவர் மட்டும் மரியாதையாக ‘வண்டி’ என்பார்.

பின்புறம் ‘டர்போ’ என்று வெள்ளி எழுத்தில் எழுதியிருக்கும். எஞ்சினுக்குள் ஒரு காற்றாடி, வெளியே போகிற புகை அதைச் சுற்றும், அது இன்னும் காற்றை உள்ளே திணிக்கும், வண்டி பாயும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஓட்டிப் பார்த்தால் தெரியும் லட்சணம். மிதித்தவுடன் இரண்டு நொடி ஒன்றுமே நடக்காது. மிதித்தோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வந்து இன்னும் கொஞ்சம் அழுத்துவோம். அப்போது பார்த்து, வைத்திருந்த அத்தனையையும் மொத்தமாகக் கொட்டும். கழுத்து பின்னால் போய் இடிக்கும்.

என் கணவரும் அதே கம்பெனித் தயாரிப்பு. எதையாவது சொன்னால் முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. காது கேட்கவில்லையோ என்று இரண்டாம் தடவை வாயைத் திறக்கும்போது மொத்தமாகப் பதில் வரும். டர்போவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஓடி முடித்தவுடன் எஞ்சினை அணைக்கக் கூடாது, சூடு ஆற இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட வேண்டும். ஒவ்வொரு தடவை வீடு திரும்பும்போதும் நான் பையோடு வாசலில் நிற்பேன், இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். என்னோடு சண்டை போட்டாலும் இவர் போய் அங்கேதான் உட்காருவார், எஞ்சினை ஓட விடாமலே. எதை ஆறவைக்கிறார் என்று நான் கேட்டதில்லை.

இவருக்கு வேலை வாகனத் தகுதிச் சோதனை மைதானத்தில். லாரி, பஸ், வேன் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து இவர் முன்னால் நிற்க வேண்டும். கையில் ஒரு சின்னச் சுத்தியலோடு அடியில் படுத்துத் தட்டிக்கொண்டே போவார். வெளியே வரும்போது வண்டிக்காரன் முகம் வெளுத்திருக்கும். டிரைவர்கள் இவருக்கு வைத்த பெயர் ‘ஃபெயில் சார்’. முப்பது வருஷத்தில் இவர் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள்களை ஒரு கைப்பையில் அடக்கிவிடலாம். ஆனால் எழுதிவிட்டால் எழுதியதுதான். அடுத்த சோதனை வரைக்கும் அந்த வண்டியில் யாரும் கை வைக்கக் கூடாது. பாஸ் ஆன சந்தோஷத்தில் ஒருத்தன் மைதானத்து வாசலிலேயே புது விளக்கு ஒன்றை மாட்டியிருக்கிறான். அவனை மறுபடியும் வரிசையில் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தியவர் இவர்.

என் தொழில் குஷன் வேலை. சோபா, நாற்காலி, கார் சீட், ஆஸ்பத்திரி பெஞ்ச், எது கிழிந்து வந்தாலும் பிரித்து, ஃபோம் மாற்றி, துணியோ ரெக்சினோ போட்டுத் தைத்துக் கொடுப்பேன். பத்தொன்பது வருஷமாக இதை வீட்டு ஹாலில்தான் செய்கிறேன். அதனால் எங்களுக்கென்று சொந்தமாக ஒரு சோபா கிடையாது. ஒரு வாரம் வக்கீல் வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்போம், அடுத்த வாரம் சலூன் நாற்காலியில். என் மகள் பத்தாம் வகுப்புக்குப் படித்தது பிரசவ ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்துக்கொண்டு. சாப்பாட்டில் ஃபோம் தூசி கிடந்தால் ஓரமாக ஒதுக்கிவிட்டு அடுத்த கவளத்தை எடுப்போம்.

வீட்டிலேயே நல்ல அறை எதுவென்றால் கார் ஷெட்தான். உயரமான ஜன்னல், நல்ல வெளிச்சம், சிமென்ட் தரை, அகலமான ஷட்டர், பக்கத்தில் ஆள் போக ஒரு சின்னக் கதவு. அதில் சகல வசதிகளோடும் மொட்டை குடியிருந்தது.

போன மாதம் ஒரு சினிமா தியேட்டர் மேனேஜர் வந்தார். தியேட்டரில் இருநூற்றுப் பன்னிரண்டு சீட், அத்தனையையும் புதுசாகத் தைக்க வேண்டும். ஒரு தடவைக்கு அறுபது சீட்டாக அனுப்புவாராம். ஹாலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதுலயா வெச்சுத் தைப்பீங்க?” என்றார். “இல்லை சார், தனியா இடம் இருக்கு” என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. “அப்போ ஒண்ணாந்தேதி வந்து இடத்தைப் பார்க்கிறேன். சரியா இருந்தா அன்னைக்கே லாரி வந்துடும். இல்லைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன், தப்பா நினைச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த மாதிரி ஒரு வேலை இதுவரை என்னைத் தேடி வந்ததில்லை. விட்டால் இனிமேல் வரப்போவதுமில்லை. காரைத் தெருவில் நிறுத்தலாமே என்பீர்கள். எங்கள் தெருவின் ஒரு பக்கம் சாக்கடை, இன்னொரு பக்கம் ‘இங்கே வண்டிகளை நிறுத்தாதீர்கள்’ என்ற பலகை. அந்தப் பலகைக்கு வீட்டுக்கு வீடு ஒரு காவலர் வேறு.

அன்றைக்குச் சாயங்காலமே இவரிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். “எனக்கு ஷெட் வேணும். மொட்டையை வித்துடலாம்.”

முகத்தில் ஒன்றுமில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். நான் மறுபடி வாயைத் திறந்தேன்.

“சரி, வித்துடலாம். நீ ரொம்ப நாளா கேட்கிறே. விளம்பரம் நானே எழுதறேன்” என்றார்.

அழுகை, அடம், பழைய கதை எல்லாவற்றுக்கும் தயாராக இருந்த எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. விளம்பரத்தை இவர் கையில் கொடுத்தேன் பாருங்கள், அங்கேதான் ஏமாந்தேன்.

இரண்டு நாள் கழித்து மகள் போன் செய்தாள். வேறு ஊரில் நர்ஸாக இருக்கிறாள். இன்டர்நெட்டில் விளம்பரம் போடுகிற வேலை அவளுடையது. “அம்மா, அப்பா அனுப்பினது விளம்பரமா, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டா?”

இவருடைய நகலை வாங்கிப் பார்த்தேன். மைதானத்தில் எழுதுகிற அதே படிவம். மேலே ‘பழைய மாடல், டர்போ, திறந்த கார், விற்பனைக்கு’ என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே பட்டியல். ஒன்று: பின் இடது சக்கர வளைவில் துரு, விரல் நுழையும். இரண்டு: டர்போ விசில் அடிக்கும், காரணம் தெரியவில்லை. மூன்று: இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும், மற்ற நேரத்தில் அடித்தாலும் அடிக்காது. நான்கு: பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும், நம்ப வேண்டாம். நான்குக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மொத்தம் நாற்பத்து மூன்று என்று மகள் சொன்னாள். “ஒரு வார்த்தை விடாம அப்படியே போடணுமாம். போடட்டுமா?”

“போட்டுத் தொலை” என்றேன்.

முதலில் வந்தவர் ஒரு பல் டாக்டர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆசையாக வந்தார். இவர் தரையில் பாயை விரித்து, கையில் டார்ச்சைக் கொடுத்து, டாக்டரை வண்டிக்கு அடியில் படுக்கவைத்துவிட்டார். தானும் பக்கத்தில் படுத்துக்கொண்டார். இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. உள்ளே சுத்தியல் தட்டுகிற சத்தம். “இங்கே பாருங்க டாக்டர், உங்க பாஷையில சொன்னா இது சொத்தை. இதோ, இது வேர் வரைக்கும் போயிடுச்சு.” அரை மணி நேரம் கழித்து டாக்டர் கறுப்புச் சட்டையோடு எழுந்து வந்தார். “இதுக்கெல்லாம் வைத்தியம் கிடையாது சார். மொத்தமா பிடுங்கிடறதுதான் நல்லது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து, கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி. அந்தப் பெண்ணுக்கு வண்டியைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. நான் காபி போட உள்ளே போன நேரத்தில் இவர் அந்தப் பையனைப் பின் சக்கரத்துக்குக் கூட்டிப்போய், “விரல் நுழையும்னு எழுதியிருக்கேனே, விட்டுப் பாருங்க” என்றிருக்கிறார். அவனும் விட்டான். நுழைந்தது. வெளியே வரவில்லை. நான் காபியை வைத்துவிட்டு சோப்புத் தண்ணீரோடு ஓடினேன். விரலை உருவி எடுத்து, மருந்து போட்டு, கட்டுக் கட்டி அனுப்பினோம். நிச்சயதார்த்த மோதிரம் மாட்டிய விரல். அந்தப் பெண் எங்களைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் நான் பிடித்துக்கொண்டேன். “வித்துடலாம்னு வாயால சொல்லிட்டு வர்றவங்களை எல்லாம் காயப்படுத்தி அனுப்பறீங்க!”

“ஓட்டை இருக்கு. இருக்குன்னு எழுதினேன்.”

“உங்களுக்கு விக்க மனசில்லை. அதைச் சொல்லிடுங்களேன்!”

இரண்டு நொடி. எழுந்து ஷெட்டுக்குப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நிமிஷம் கழித்து வந்து நின்றார். “மனசில்லைதான். ஆனா அந்தத் தாள்ல ஒரு பொய் கிடையாது.”

ஒன்றாம் தேதிக்கு நான்கே நாள் இருந்தது. அப்போதுதான் ஹோட்டல்காரர் போன் செய்தார். மூன்று ஹோட்டலுக்கு முதலாளி, பழைய கார் சேர்ப்பது பொழுதுபோக்கு, ஏற்கெனவே பதினொன்று வைத்திருக்கிறார். “நாற்பத்து மூணையும் படிச்சேன் மேடம். படிச்சப்புறம்தான் ஆசையே வந்தது. எனக்கு எல்லாத்தையும் ஒரிஜினலா மாத்தணும். எப்போ வரலாம்?” என்றார்.

நாளைக்குப் பதினொரு மணிக்கு வரச் சொன்னேன். அந்த நேரத்தில் ஃபெயில் சார் மைதானத்தில் ஏதாவது ஒரு லாரிக்கு அடியில் படுத்திருப்பார். இவருக்கு நான் மூச்சு விடவில்லை.

ஹோட்டல்காரர் மேகமூட்டத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். நான் ஷட்டரைத் தூக்கினேன். மொட்டையை முதல் நாளே கழுவித் துடைத்து வைத்திருந்தேன். சுற்றிச் சுற்றி வந்தார், தடவினார், பெருமூச்சு விட்டார். கூரையைப் பின்னால் மடித்தோம். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிக்னல் பச்சை விழுந்ததும் மிதித்தார்.

“என்ன மேடம், தூங்குதா?”

“கொஞ்சம் பொறுங்க.”

பாய்ந்தது. அவர் தலையில் இருந்த தொப்பி பின்னால் வந்த பஸ்ஸுக்குப் போய்விட்டது. குழந்தை மாதிரி சிரித்தார். “வாங்கிட்டேன்! நீங்க கேட்கிற விலைக்கே வாங்கிட்டேன்!” என்று கத்தினார். எனக்குக் கால் தரையில் இல்லை. மனதுக்குள் ஜன்னலுக்குக் கீழே வெட்டு மேஜையைப் போட்டேன். சுவரோரமாக மெஷின், இந்தப் பக்கம் ஃபோம், அந்தப் பக்கம் அறுபது சீட். வாசலில் என் தொழிலை எழுதி ஒரு பலகைகூட மாட்டிவிட்டேன்.

அப்போதுதான் மழை பிடித்தது. ஓரமாக நிறுத்திக் கூரையை இழுத்துக் கொக்கியை மாட்டினோம். கொஞ்ச தூரம் போயிருப்போம். ஹோட்டல்காரர் துள்ளினார்.

“ஒழுகுது!”

“ஒழுகாது” என்றேன்.

“மேடம், என் கால்ல விழுது.”

“பத்தொம்பது வருஷமா இதுல வந்துட்டிருக்கேன் சார். ஒரு சொட்டு விழுந்ததில்லை.” கொடுக்கிறேன் என்று சொன்ன விலையைக் குறைக்க அடி போடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் ஒரு கையால் மேலே தடவினார். “ஐயோ, இது ஒரிஜினலே இல்லையே! எவன் தைச்சான் இதை? தையலைப் பாருங்க, வாய்க்கால் மாதிரி வளைஞ்சு போகுது. சரி விடுங்க, வெளியூர்ல சொல்லி ஒரிஜினல் கூரை வரவழைச்சுக்கறேன். இதைப் பிச்சு என் தோட்டத்து நாய்க்குப் போட்டுடறேன். பாவம், அதுவும் நனையும்.”

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இவர் மொட்டையை வாங்கி வந்தபோது கூரை கந்தலாக இருந்தது. தைத்துத் தர ஆள் கிடைக்கவில்லை. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ரவிக்கையும் தலையணை உறையும்தான். யாருமே முடியாது என்கிறார்களே, அதையும் பார்த்துவிடலாம் என்று நான் உட்கார்ந்தேன். பழைய கூரையைப் பிரித்துத் தரையில் விரித்து, அளவெடுத்து, தடித் துணி வாங்கி வெட்டினேன். மூன்று மாதம். வீட்டு மெஷின் உடைந்தது. கடைசித் தையலைக் கோணி ஊசியால் கையாலேயே போட்டேன், விரல் பத்தும் புண். அந்தக் கூரையைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்காரர் தன் கார் சீட்டைக் கொடுத்தார். பிறகு சோபா, பிறகு ஆஸ்பத்திரி, இப்போது தியேட்டர். நான் எங்கேயும் படித்துச் சான்றிதழ் வாங்கவில்லை. என்னிடம் இருக்கிற ஒரே சான்றிதழ் அந்தக் கூரை.

“வண்டியை நிறுத்துங்க” என்றேன்.

பஸ் ஸ்டாப் பக்கத்தில் நிறுத்தினார்.

“இறங்குங்க. வண்டி விற்பனைக்கு இல்லை.”

“மேடம், நான் சொன்ன விலை...”

“அந்தக் காசுக்கு ஒரு நல்ல குடையா வாங்கிக்குங்க.”

மனிதர் மிரண்டுபோய் இறங்கிவிட்டார். நான் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து, தலையை நிமிர்த்திக்கொண்டு மிதித்தேன். வண்டி நகரவில்லை. ஒரு நொடி. இரண்டு நொடி. ஹோட்டல்காரரும் பஸ்ஸுக்கு நின்றிருந்த நாலு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரேயடியாகப் பாய்ந்தது. தெருமுனையில் இடது பக்கம் திருப்பினேன், ஹாரன் தானாக ஊரைக் கூட்டியது. கௌரவமாகக் கிளம்புவதற்கு ஏற்ற வண்டி இல்லை அது.

கொஞ்ச தூரத்தில் என் வலது முழங்காலில் சில்லென்று ஒன்று விழுந்தது. பார்த்தேன். இன்னொன்று விழுந்தது. மேலே மூன்றாவது மடிப்புத் தையல், ஓட்டுகிறவர் முழங்காலுக்கு நேர் மேலே, அரை அங்குலம் விலகியிருந்தது. அந்த ஹோட்டல்காரன் சொன்ன மாதிரியே வளைந்துதான் இருந்தது. துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று கதவுப் பையில் கையை விட்டேன். நாலாக மடித்த ஒரு துண்டு இருந்தது. எங்கள் வீட்டுத் துண்டுதான். வெளுத்து, விறைத்து, ஓரம் நைந்து போயிருந்தது.

ஓரமாக நிறுத்திவிட்டேன். மழைக்காலத்தில் இவர் எப்போதும் மடியில் துண்டோடுதான் ஓட்டுவார். கேட்டால், “கை வியர்க்கும், ஸ்டியரிங் வழுக்கும்” என்பார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று நானும் மகளும் எத்தனை நாள் கிண்டல் செய்திருக்கிறோம். வெயில் நாளில் மொட்டையை என்னிடம் கொடுப்பார், மழை என்றால் தரமாட்டார். “வேண்டாம்மா, டர்போ வழுக்கும்.” பெண்ணுக்கு மழையில் ஓட்டத் தெரியாது என்று நினைக்கிறார் என்று எத்தனை தடவை முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. துண்டை மடியில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

வந்ததும் அந்தப் பட்டியலைத் தேடி எடுத்துக் கடைசி வரை படித்தேன். சிகரெட் பற்றவைக்கிற பொத்தான் சூடாகாது என்பது வரை எழுதியிருந்தார். நாற்பத்து மூன்றாவது குறை, டிக்கிச் சாவி தேய்ந்திருப்பது. அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: ‘கூரை: சரி.’ பக்கத்தில் கையெழுத்து, தேதி.

அப்புறம்தான் நான் செய்த காரியம் உறைத்தது. இவர் விரட்டியது வாங்கலாமா என்று பார்க்க வந்தவர்களை. நானோ, ‘வாங்கிட்டேன்’ என்று கத்தியவனை நடுத்தெருவில் இறக்கிவிட்டு வந்திருக்கிறேன். மூன்று நாளில் தியேட்டர் மேனேஜர் வந்து பார்க்கும்போது ஷெட்டில் மொட்டைதான் பல்லை இளிக்கும்.

சாயங்காலம் இவர் வந்ததும் காபி டம்ளருக்குப் பக்கத்தில் துண்டை வைத்தேன்.

“என்னங்க இது?”

“துண்டு.”

“எதுக்கு?”

“கை வியர்க்கும்னு...”

“முழங்கால் வியர்க்குமா?”

இரண்டு நொடி இல்லை, பத்து நொடி ஆனது. “நனைஞ்சுட்டியா?” என்றார்.

“எத்தனை வருஷமா ஒழுகுது?”

“முதல் மழையில இருந்து.”

“ஏன் சொல்லலை? ஊர்ல ஓடற லாரிக்கெல்லாம் மூஞ்சிக்கு நேரா சொல்றீங்கல்ல!”

“அன்னைக்கு நீ பக்கத்துல உட்கார்ந்து ரோட்டையே பார்க்கலை. கூரையையே பார்த்துட்டு வந்தே. விரல் பத்துலயும் கட்டு. ‘பாருங்க, ஒரு சொட்டு விழலை’ன்னு சொன்னே. அந்த நேரத்துல என் கால்ல விழுந்துட்டிருக்கு. நான் என்ன சொல்ல?”

“ஒழுகுதுன்னு சொல்றது!”

“சொல்லியிருந்தா மெஷினைத் தூக்கிக் கிணத்துல போட்டிருப்பே.”

அது உண்மை. என் குணம் எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால் அதற்கப்புறம் ஊசியைத் தொட்டிருக்க மாட்டேன். ஆனால் அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

“அதுக்காக ரிப்போர்ட்ல பொய் எழுதுவீங்களா? ஒரு பொய் கிடையாதுன்னு அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க!”

“பொய் எங்கே எழுதினேன்? கூரை எதுக்கு இருக்கு? நீ நனையாம இருக்க. நேத்து வரைக்கும் நனைஞ்சியா?”

“இல்லை.”

“அப்போ சரிதானே.”

 பேச்சை மாற்றி, ஹோட்டல்காரர் கதையை முழுதாகச் சொல்லி முடித்தேன், நாய் வரைக்கும். இவர் முகத்தில் ஒன்றுமில்லை. சரி, திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“அவர் நம்பரைக் கொடு” என்றார்.

போனில் இவர் பேசியதை அப்படியே சொல்கிறேன். “வணக்கம் சார், நான் அந்த டர்போ வண்டியோட ஓனர்... ஆமா, அவங்க வீட்டுக்காரர்தான்... மன்னிச்சுக்குங்க... ஆவி பிடிங்க சார், சரியாயிடும்... வண்டி உங்களுக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை. கூரை கிடையாது. நீங்க எப்படியும் நாய்க்குப் போடறதா இருந்தீங்களாமே... ஆமா, மத்த நாற்பத்து மூணும் அப்படியே இருக்கு, எதுலயும் நான் கை வைக்கலை... சரி சார்.”

போனை வைத்தார். “நாளை மறுநாள் காலையில வர்றார். அந்த நேரத்துல நீ வீட்டுக்குள்ளே இருக்கணுமாம்.”

“உங்களுக்கு வருத்தமா இல்லையா?”

எழுந்து ஷெட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷம் ஆறவிட்டேன். “இருக்கு. ரொம்ப இருக்கு” என்றார். பிறகு இறங்கி ஸ்பானரை எடுத்துக் கூரையின் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். நான் விளக்கைப் பிடித்தேன்.

ஹோட்டல்காரர் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். நான் சொன்னபடி வீட்டுக்குள்ளே இருந்தேன், ஜன்னலில். வானம் கறுத்திருந்தது. அவர் மேலே ஒரு தடவை பார்த்தார், காலியாக இருந்த கூரை இடத்தை ஒரு தடவை பார்த்தார். இவர் கதவுப் பையிலிருந்து அந்தப் பழைய துண்டை எடுத்து மரியாதையாக நீட்டினார். “மடியில போட்டுக்குங்க சார். இந்த சீட்டுக்கு அது பழக்கம்.” மனிதர் நிஜமாகவே வாங்கிப் போட்டுக்கொண்டார். மிதித்தார். இரண்டு நொடி. பிறகு மொட்டை போய்விட்டது. தெருமுனையில் இடது பக்கம் திரும்பும்போது ஹாரன் நீளமாக அடித்தது. அது அடங்கும் வரை இவர் வாசலிலேயே நின்றார்.

ஒன்றாம் தேதி இவர் லீவு போட்டார். மேனேஜர் வந்து ஷெட்டின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். “இவ்வளவு நல்ல இடத்தை இத்தனை நாளா எதுக்கு வெச்சிருந்தீங்க?” என்றார். நானும் இவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பகல் சாப்பாட்டுக்கு முன்னால் லாரி வந்துவிட்டது.

அறுபது சீட்டையும் பக்கத்துக் கதவு வழியாக இறக்கினோம். அந்தக் கதவுக்கு மேலே, மொட்டையின் கூரையை அதன் கம்பிகளோடு சேர்த்து இவர் பந்தல் மாதிரி மாட்டியிருந்தார். பாதி இறக்கும்போது மழை வந்தது. இவர் கையில் பட்டியலோடு கூரைக்கு அடியில் நின்று ஒவ்வொரு சீட்டையும் தட்டிப் பார்த்துக் குறை எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாவது மடிப்பிலிருந்து ஒரு சொட்டு நேராக இவர் மொட்டைத் தலையில் விழுந்தது. இவர் நகரவில்லை. அடுத்த சொட்டும் விழுந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. கோணி ஊசியில் நூலைக் கோத்து, ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பிரித்துத் தைக்கப் பத்து நிமிஷம்கூட ஆகாது. இன்றைக்கு என் கைக்கு அது ஒரு வேலையே இல்லை.

“என்ன பண்றே?”

“நனையறீங்களே. ஒரு பத்து தையல் போட்டா நின்னுடும்.”

இரண்டு நொடி. தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து, நாலாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

“இறங்கும்மா. பாஸ் போட்டது அது. கை வைக்காதே.”